மணி புரிந்தனின் வழித்தோன்றல்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனுக்குச் செல்பவர்கள் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைக் காணாமல் திரும்புவது அரிது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம் சமூகத்தின் தலைவராக விளங்கிய காதர் மொகிதீன் அமைத்த பள்ளிவாசல் அது. ‘கப்பித்தான் கிளிங்’ என்பது அவருடைய பதவிப் பெயர். ‘கிளிங்’ என்ற சொல் இன்று ஒருவரைக் குறித்துப் பேசும்போது மனத்தைப் புண்படுத்துவதாகக் கருதப்படுகிறது. அவ்வாறு பயன்படுத்துவது தவிர்க்கப்பட வேண்டியதே. ஆனால், பழைய மலாய் மொழியில் அச்சொல்லுக்கு அத்தகைய கசப்பு இல்லை. கலிங்கம் என்ற பெயரிலிருந்து பிறந்த அச்சொல், இந்தியாவின் தென்கிழக்குக் கரையிலிருந்து வந்த மக்களையும் அவர்களது நாட்டையும் பொதுவாகக் குறித்தது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் மலாய் இலக்கியத்தின் தலைசிறந்த நூலொன்றில் வரும் ஒரு கொடிவழியை நாம் சரியாகப் படிக்க முடியும்.

அந்நூல் ‘சுலாலத்துஸ் சலாத்தின்’. ‘செஜாரா மெலாயு’ என்றும் அதனை அழைப்பர். ஜொகூரின் பெண்டஹாராவாக, அதாவது சுல்தானுக்கு அடுத்த நிலையில் இருந்த முதன்மை அமைச்சராக விளங்கிய துன் ஸ்ரீ லானாங் 1612-இல் இதனைத் தொகுக்கத் தொடங்கினார். 2001-இல் யுனெஸ்கோ இதனை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அரசர்களின் வமிசம், திருமணங்கள், சூழ்ச்சிகள், போர்கள் ஆகியவற்றோடு கிளிங் நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த பிரபு ஒருவரின் கதையையும் இந்நூல் சொல்கிறது. அவர் பெயர் மணி புரிந்தன்.

மணி புரிந்தன் பஹிலி என்னும் நகரை ஆண்ட முஸ்லிம் அரசரின் மூத்த மகன் என்கிறது நூல். தந்தை இறந்தபின் தம்பி அரியணை ஏறினார். சொத்தைப் பங்கிடும்போது, மணிகள் பதித்த பொன் பல்லாங்குழிப் பலகை ஒன்று மிஞ்சியது. மலாய்க்காரர்கள் சொங்காக் என்று அழைப்பதும் இதே விளையாட்டுதான். பெண்கள் விளையாடும் பொருளாதலால் அதைத் தங்கைக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அண்ணன். தம்பி இணங்கவில்லை. சிறிய காரியத்திலேயே தம் சொல் எடுபடவில்லையென்றால் பெரிய காரியங்களில் எப்படி எடுபடும் என்று எண்ணிய மணி புரிந்தன், நாட்டை விட்டே புறப்பட்டுவிட்டார்.

வழியில் புயலில் கப்பல் உடைந்தது. கடலில் விழுந்தவரை அலு-அலு என்னும் மீன் முதுகில் சுமந்து கரைசேர்த்ததாம். கரையில் அவர் கைக்கு அகப்பட்டது கண்டசூலிச் செடி. அதனால் தம் வழித்தோன்றல்கள் அந்த மீனை உண்ணக் கூடாது, அந்தப் பூவைச் சூடக் கூடாது என்று அவர் கட்டளையிட்டாராம். மீனின் முதுகில் ஒருவர் கரையேறியதை வரலாறாக ஏற்பது கடினம். ஆனால், நம் முன்னோரைக் காத்த மீன் இது என்று நினைவில் வைத்துப் போற்றிய ஒரு குடும்பம் இருந்தது என்பதை இக்கதை காட்டுகிறது.

பின்னர் மலாக்காவை அடைந்த மணி புரிந்தன், ஸ்ரீ நாரா டிராஜா என்ற பிரபுவின் மகளை மணந்தார். அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மகன் துன் அலி. மகள் துன் வாத்தி, சுல்தான் முகமது ஷாவின் மனைவியரில் ஒருவரானார். அவருக்குப் பிறந்தவர் ராஜா காசிம்.

ராஜா காசிம் மூத்தவராயினும் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. ரோக்கான் இளவரசிக்குப் பிறந்த ராஜா இப்ராகிமே, சிறுவராக இருந்தும் அரியணையில் அமர்த்தப்பட்டார். ரோக்கான் அரசரின் கையில் ஆட்சி சிக்கியது. அரண்மனையிலிருந்து விரட்டப்பட்ட ராஜா காசிம் மீன் பிடித்து வாழ்ந்தார். துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்றின் தலைவரும் தாய்மாமனான துன் அலியும் துணைநின்றதால் அவர் ஓர் இரவில் அரண்மனையைத் தாக்கினார். அந்தக் கலவரத்தில் ரோக்கான் அரசர் சிறுவரான சுல்தானைக் குத்திக் கொன்றார். ராஜா காசிம் சுல்தான் முசாஃபர் ஷாவாக முடிசூடினார். இது 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடந்தது.

இதன்பின் மலாக்காவை ஆண்ட மன்சூர் ஷா, அலாவுடின் ரியாயத் ஷா, மஹ்மூட் ஷா ஆகிய மூவரும் முசாஃபர் ஷாவின் வழிவந்தவர்கள். ஆகவே, மலாக்காவின் பொற்காலத்துச் சுல்தான்கள் அனைவருக்கும் தாய்வழி முன்னோர்களில் ஒருவர் மணி புரிந்தன். துன் அலியின் கிளையும் செழித்தது. அவருடைய மகன் துன் முத்தாஹிர் 1500-இல் பெண்டஹாராவானார். அவர் வீழ்ந்த விதமோ கொடியது. ராஜா முதலியார், நீனா சூரா தேவானா என்ற இரு வணிகர்களுக்கிடையே பகை மூண்டது. இவர்களும் கிளிங் நாட்டினரே. பெண்டஹாரா தம் எதிரியின் பக்கம் சாய்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்ட ராஜா முதலியார், அவர் அரியணையைக் கைப்பற்ற நினைக்கிறார் என்ற புரளி சுல்தானின் காதுக்கு எட்டும்படி செய்தார். விசாரணையின்றி, 1510-இல் துன் முத்தாஹிர் கொல்லப்பட்டார். மறு ஆண்டே மலாக்கா போர்த்துகீசியர் வசமானது.

அரசு வீழ்ந்தாலும் வமிசம் அறுபடவில்லை. துன் முத்தாஹிரின் மகள் துன் ஃபாத்திமாவுக்கும் சுல்தான் மஹ்மூட் ஷாவுக்கும் பிறந்தவர் ஜொகூரின் சுல்தானானார். மஹ்மூட் ஷாவின் இன்னொரு மகன் 1528-இல் பேராக்கில் ஆட்சியை நிறுவினார். நிபோங் திபாலைத் தாண்டித் தெற்கே சென்றால் வரும் அந்த அண்டை மாநிலத்தின் அரச குடும்பம் இன்றும் தன் தொடக்கத்தை 1528-இலிருந்தே எண்ணுகிறது.

ஒரு பிரபுவிலிருந்து அரச குலம் கிளைப்பது பிற நாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. வலிமைமிகு ரொபேர் என்று அழைக்கப்பட்ட பிரபு, 866-இல் வைக்கிங்குகளுடன் நடந்த போரில் மாண்டார். அவர் அரசர் அல்லர். ஆனால், அவருடைய கொள்ளுப்பேரன் ஊக் காப்பே 987-இல் பிரெஞ்சு மன்னரானார். இன்றைய ஸ்பெயின் மன்னர் ஆறாம் பெலிப்பேயும் அந்தக் குலத்தவரே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. 1328-இல் நேர் ஆண் வாரிசு இல்லாதபோது, பிரெஞ்சு அரசர் ஒருவரின் மகள் வயிற்றுப் பேரனான இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டைப் பிரெஞ்சுப் பிரபுக்கள் ஏற்கவில்லை. நூறாண்டுப் போருக்கு அது ஒரு காரணமாயிற்று. மலாக்காவிலும் பட்டம் தந்தை வழியாகவே வந்தது. ஆயினும் தாயின் குலம் மறைக்கப்படவில்லை. துன் வாத்தியின் தந்தை யார் என்பதை நூல் விரிவாகவே சொல்கிறது.

அவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. நூலைத் தொகுத்த துன் ஸ்ரீ லானாங்கே மணி புரிந்தனின் வழித்தோன்றல்தான். தம் மூதாதையை வெறும் வணிகராகக் காட்டாமல் இளவரசராகக் காட்டும் விருப்பம் அவருக்கு இருந்திருக்கலாம். பஹிலி எந்த ஊர் என்பதும் உறுதியாகவில்லை. ஆகவே, பல்லாங்குழிக் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதே வேளையில், மலாக்காவில் கிளிங் வணிகர்களின் செல்வாக்கு ஓங்கியிருந்தது என்பதைப் போர்த்துகீசியர்களின் குறிப்புகளும் உறுதிசெய்கின்றன. துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிய தோமே பிரெஸ், அவ்வணிகர்களைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளார்.

இக்கதையைப் படிக்கும் தமிழர் சிலர் மலாக்காவைத் தமிழர் ஆண்ட நாடு என்று சொல்லிக்கொள்ள விரும்பலாம். நூலோ அவ்வாறு சொல்லவில்லை. அதன் முன்னுரையில் துன் ஸ்ரீ லானாங் தம் தந்தை, பாட்டன், பூட்டன் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, துன் அலியைக் கடந்து, மணி புரிந்தனில் வந்து நிறுத்துகிறார். அதை அடுத்துத் தம் இனம் மலாய் என்று எழுதுகிறார். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன.