குடம் சுமந்தால் வேலை இல்லையா?



ஒரு பொருளின் மேல் செலுத்தும் விசையை, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வருவது வேலை. அலகு ஜூல்.

எங்க அம்மா 15 கிலோ தண்ணீர்க் குடத்தை 1 மீட்டர் தூக்கி இடுப்பில் வைக்கிறாங்க.
வேலை = 15 × 9.8 × 1 = 147 ஜூல்.
2 வினாடியில் தூக்கினால் திறன் 147 ÷ 2 = 73.5 வாட். 1 வினாடியில் தூக்கினால் வேலை அதேதான், திறன் மட்டும் 147 வாட்.

குழாயடியிலிருந்து வீடு 200 மீட்டர். சமதரையில் ஒரே வேகத்தில் நடந்தால் குடத்தின் மேல் செய்த வேலை பூஜ்ஜியம்! ஏன்னா தாங்கும் விசை மேல்நோக்கி, குடம் நகர்வது முன்னோக்கி.

இதை அம்மாகிட்ட சொன்னேன். "அப்ப நாளைக்கு நீயே தூக்கிட்டு வா"ன்னாங்க. தூக்கினேன். இடுப்பு விட்டுப்போச்சு!

டீச்சரிடம் கேட்டேன். குடத்தைத் தாங்க நம் தசைகள் விடாமல் இயங்குகின்றன. சோற்றிலிருந்து கிடைத்த வேதி ஆற்றல் செலவாகி, பெரும்பாலும் வெப்பமாக மாறுகிறது. அதான் வியர்வை, களைப்பு.

ஆக, பூஜ்ஜியம் குடத்துக்குத்தான், அம்மாவுக்கு இல்லை.

பரீட்சையில் பூஜ்ஜியம்னு எழுதுங்க. வீட்டில் ஒரு குடம் நீங்களும் தூக்குங்க!