வரி வேலையா, எண் வேலையா?

மைசூரில் ஒரு வீடு. என்.ஆர். மொகல்லாவில் இருக்கிறது. அந்த வீட்டுத் தாய் ஊதுபத்தி உருட்டுகிறார். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை குச்சியோ அத்தனைக்குத்தான் காசு.

அவர் மகளுக்கும் அப்படித்தான் கூலி. ஆனால் குச்சிக்கு அல்ல, வரிக்கு.

மகள் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள். அந்த வேலைக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். அது என்ன வேலை?

அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்க்கிறார். என்ன நோய், என்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிவு செய்கிறார். அந்தக் குரல் மைசூருக்கு வருகிறது. மகள் அதைக் காதில் மாட்டிக் கேட்கிறாள். கேட்டதைத் தட்டச்சு செய்கிறாள். காலுக்குக் கீழே ஒரு மிதி இருக்கிறது. மிதித்தால் பேச்சு ஓடும். காலை எடுத்தால் நிற்கும். தையல் மிஷின் போலத்தான்.

அங்கே இரவு என்றால் இங்கே பகல். டாக்டர் தூங்கும் நேரத்தில் இங்கே வேலை முடிந்துவிடும். இதனால்தான் 1990-களில் இந்த வேலை நம் நாட்டுக்கு வந்தது. பெங்களூரில் ஹெல்த்ஸ்கிரைப் போன்ற நிறுவனங்கள் அப்போதே இதைச் செய்தன. ஆங்கிலம் தெரிந்த பல பெண்களுக்கு இதில் வேலை கிடைத்தது.

இந்த வேலையில் ஒரு வரி என்பது பொதுவாக 65 எழுத்து. நடுவில் விடும் இடமும் ஓர் எழுத்தாகக் கணக்கு. காது கூர்மையாக இருக்க வேண்டும். 'ஹைப்பர் டென்ஷன்' என்றால் உயர்ந்த ரத்த அழுத்தம். 'ஹைப்போ டென்ஷன்' என்றால் தாழ்ந்த ரத்த அழுத்தம். ஓர் ஒலி மாறினால் நோயே மாறிவிடும்.

சில ஆண்டுகளாக மகளின் வரிக் கணக்கு குறைந்து வருகிறது. ஏன்? இப்போது கம்ப்யூட்டரே டாக்டரின் பேச்சைக் கேட்டு எழுதிவிடுகிறது. மகள் அதைப் படித்துத் தப்பைத் திருத்த வேண்டும். திருத்துவதற்கு வரிக்கூலி குறைவு. சில டாக்டர்கள் தாங்களே கம்ப்யூட்டரில் குறித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 2009-இல் வந்த ஒரு சட்டம், ஆஸ்பத்திரிகள் கம்ப்யூட்டரில் பதிவேடு வைக்கப் பணம் கொடுத்து ஊக்குவித்தது. அதிலிருந்து இந்த மாற்றம் வேகமாயிற்று.

ஒருநாள் மாலை. தாய் குச்சிகளை வெயிலில் இருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் இந்த வேலையை விட்டுடட்டுமா?"

"விட்டுட்டு?"

"மெடிக்கல் கோடிங் படிக்கலாம்னு இருக்கேன். அதுக்குத்தான் இப்ப வேலை அதிகம்னு சொல்றாங்க."

"அது என்ன வேலைடி? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

மகள் ஒரு தபால் உறையை எடுத்துக் காட்டினாள். "இதுல பின்கோடு பாரும்மா. 570-ன்னு ஆரம்பிக்குதா? அதைப் பார்த்ததுமே மைசூர்னு தெரிஞ்சுடும். ஊருக்கு எண் இருக்கற மாதிரி நோய்க்கும் எண் இருக்கு. டாக்டர் எழுதினதைப் படிச்சு, சரியான எண்ணைப் போடணும். அதுதான் வேலை."

மகள் சொன்னது சரிதான். நாம் இன்னும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

மக்கள் எதனால் இறக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க 1893-இல் ஒரு பட்டியல் உருவானது. பாரிஸ் நகரத்தைச் சேர்ந்த பெர்ட்டியோன் என்பவர் அதை அமைத்தார். 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறது. அதன் பெயர் ஐ.சி.டி. பத்தாவது திருத்தத்தில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து வரும். பிறகு எண்கள் வரும். டெங்கு காய்ச்சலுக்கு 'ஏ 90'. உயர்ந்த ரத்த அழுத்தத்துக்கு 'ஐ 10'. நாய் கடித்தால் அதற்கும் ஓர் எண் உண்டு: 'டபிள்யூ 54.0'.

அமெரிக்காவில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரிச் செலவை இன்சூரன்ஸ் தருகிறது. அதற்கு அனுப்பும் பில்லில் இந்த எண்கள் இருக்க வேண்டும். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே பத்தாவது திருத்தம் நடப்பில் உள்ளது. முன்பு சுமார் 14,000 நோய் எண்கள் இருந்தன. பிறகு அவை சுமார் 70,000 ஆயின. அத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். புத்தகத்தில் சரியாகத் தேடத் தெரிய வேண்டும்.

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் வகைக்கு, வேறு சிக்கல் இல்லை என்றால் 'இ 11.9'. அதே நோயாளிக்குக் காலில் புண் வந்துவிட்டால் 'இ 11.621'. புண் எங்கே இருக்கிறது என்று சொல்ல இன்னோர் எண்ணும் சேர வேண்டும். தவறான எண் போட்டால் பில் திரும்பி வரும். வேண்டுமென்றே பெரிய நோயின் எண்ணைப் போட்டுப் பணம் வாங்கினால் அது மோசடி.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்கிறது. அந்த எண்ணை வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் பணம் போகிறது.

தாய்க்கு வேலை புரிந்தது. அடுத்து அவர் கேட்டது பணத்தைப் பற்றி.

மகள் ஒரு பயிற்சி நிலையத்தின் விளம்பரத் தாளைக் கொண்டு வந்திருந்தாள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. தாய்க்குத் தமிழ்தான் படிக்க வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் படிக்கக் கற்றார். "எல்லாத்தையும் தமிழில எழுதிக் குடு. நானே படிக்கறேன்" என்றார். மகள் ஒரு நோட்டில் எழுதித் தந்தாள். தாய் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"மேலே பெரிசா 'வேலை உறுதி'ன்னு இருக்கு. கீழே 'வேலை தேட உதவி செய்யப்படும்'னு இருக்கு. எதுடி உண்மை?"

மகள் தாளைத் திரும்பப் பார்த்தாள். கீழே சின்ன எழுத்தில் அப்படித்தான் இருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

உறுதி வேறு, உதவி வேறு. பணம் கட்டும் இடத்தில் இந்த இரண்டு சொல்லையும் பிரித்துப் படிக்க வேண்டும்.

பிறகு தாய் கணக்குப் போட்டார். நாமும் சேர்ந்து போடுவோம். இவை உதாரணத் தொகைகள்தான். உங்கள் வீட்டுத் தொகை வேறாக இருக்கும்.

பயிற்சிக் கட்டணம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகையை அடகு வைத்து அதைக் கட்டுகிறோம். நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. மாதம் 450 ரூபாய் ஆகிறது. மீட்க 8 மாதம் ஆனால் வட்டி 3,600 ரூபாய். பயிற்சிக்காக மகள் 4 மாதம் வேலையை விட வேண்டும். இப்போது அவளுக்கு மாதம் 9,000 ரூபாய் வருகிறது என்றால் 36,000 ரூபாய் நிற்கிறது. எல்லாம் சேர்த்தால் 69,600 ரூபாய்.

"முப்பதாயிரம்னு சொன்னே. ஏறக்குறைய எழுபதாயிரம் ஆகுதே" என்றார் தாய்.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப படிக்க வேண்டாங்கறயாம்மா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. இப்போது மாறாவிட்டால் பிறகு மாறவே முடியாது என்ற பயம் அவளுக்கு.

"படிக்க வேண்டாம்னு சொல்லலை. வேலையை விட்டுட்டுப் படிக்க வேண்டாம்."

இதில் தாய் சொன்னதே சரி என்று எங்களுக்கும் படுகிறது. காரணம் இதுதான். மகள் வெறுங்கையோடு தொடங்கவில்லை. பத்து ஆண்டுகளாக நோய்களின் பெயரும் மருந்துகளின் பெயரும் உடல் உறுப்புகளின் பெயரும் கேட்டு எழுதியவள். கோடிங் படிக்க வரும் பலர் முதலில் தடுமாறுவது அந்தப் பெயர்களில்தான். அவளுக்கு அந்தப் பாதி முன்பே தெரியும். தெரியாத பாதி எண் போடும் விதிகள். அவற்றை மாலையில் படிக்கலாம்.

தெரிந்த அக்கா ஒருவரிடம் பழைய கோடிங் புத்தகம் இருந்தது. மகள் அதை வாங்கி வந்தாள்.

"நீ எழுதற ரிப்போர்ட்டை வச்சே பழகலாமே?" என்று தாய் கேட்டார்.

"கூடாதும்மா. அது நோயாளியோட ரகசியம். 1996-லயே அதுக்கு அமெரிக்காவில சட்டம் போட்டிருக்காங்க. வீட்டில யாருக்கும் காட்டக்கூடாது. உனக்கே நான் காட்டினதில்லையே."

புத்தகத்தின் பின்னால் இருந்த பயிற்சிகளை வைத்து அவள் பழகினாள். முதல் வாரம் பத்தில் நான்குதான் சரி. ஆறாவது வாரம் பத்தில் எட்டு.

இதற்கிடையில் அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டவை சில. இந்த வேலை பெங்களூர், சென்னை, ஐதராபாத் நகரங்களில் அதிகம். திருச்சியிலும் கோவையிலும் உண்டு. பல நிறுவனங்கள் உயிரியல், நர்சிங், பார்மசி படித்தவர்களைக் கேட்கின்றன. சில நிறுவனங்கள் புதியவர்களை எடுத்து, தாங்களே பயிற்சி தருகின்றன. அங்கே கட்டணம் கட்டத் தேவையில்லை. ஆனால் சில இடங்களில் இத்தனை ஆண்டு வேலையை விடமாட்டேன் என்று எழுதி வாங்குவார்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

சி.பி.சி. என்று ஒரு தேர்வும் உண்டு. நூறு கேள்விகள், நான்கு மணி நேரம். எழுபது மதிப்பெண் வேண்டும். எண் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். தேறினாலும் அனுபவம் இல்லாதவருக்குப் 'பயில்நிலை' என்ற குறிப்போடுதான் சான்றிதழ் வரும்.

எண் போடும் வேலைக்கும் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருக்கிறது. எளிய பில்களுக்கு அதுவே எண் போடத் தொடங்கிவிட்டது. சிக்கலான நோய்க்கும், கம்ப்யூட்டர் போட்டதைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். ஆகவே இது ஆயுள் முழுக்க நிலைக்கும் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மகள் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டவில்லை. நகை பெட்டியிலேயே இருக்கிறது. பெங்களூரில் இரண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினாள். ஒன்றில் இருந்து எழுத்துத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அந்தக் காலையில் தாய் நான்கு மணிக்கே எழுந்து, புளிசாதம் கட்டிக் கொடுத்தார். ரயில் டிக்கெட்டில் நேரத்தைத் தானே படித்துச் சொன்னார்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் மிஷின் வந்ததால் குறைந்த வேலை எது? அதைச் செய்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

2. 'உறுதி', 'உதவி' என்ற இரண்டு சொற்களையும் வைத்து ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

கணக்குப் போடுங்கள்

1. ஒரு வரிக்கு 65 எழுத்து. மகள் 6,500 எழுத்து தட்டினால் எத்தனை வரி?

2. நகைக்கடன் 20,000 ரூபாய். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. 6 மாத வட்டி எவ்வளவு?