கோழியின் குடலில் பசை

கோழிக்கு எந்தத் தானியம் போட்டால் என்ன? எல்லாம் ஒன்றுதானே என்று சிலர் சொல்வார்கள். ஒன்று அல்ல.

நம் நாட்டில் கறிக்கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். அதன் விலை ஏறினால் வேறு தானியம் தேடுவார்கள். பஞ்சாப், அரியானா பக்கம் கோதுமை நிறைய விளைகிறது. உடைந்த கோதுமையைத் தீவனத்தில் சேர்ப்பார்கள். செலவு குறையும். ஆனால் கவனம் வேண்டும்.

கோதுமையில் ஒருவகை நார் உண்டு. அது கோழியின் குடலில் ஊறிப் பசை போல ஆகிவிடும். பார்லியும் அப்படித்தான். மக்காச்சோளத்திலும் அரிசிக் குருணையிலும் இந்தப் பசை மிகக் குறைவு.

பசை இருந்தால் இரை மெதுவாக நகரும். சரியாகச் செரிக்காமல் குடலில் தங்கும். அங்கே ஒரு கிருமி இருக்கிறது. அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை! நல்ல கோழியின் குடலிலும் இது கொஞ்சம் இருக்கும். அதனால் தொல்லை இல்லை. தங்கிய இரை கிடைத்தால் பெருகிவிடும். விஷத்தைக் கக்கும். குடலின் உள்தோல் அழுகும்.

கோழி இரை எடுக்காது. சிறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். சில கோழிகள் திடீரென்று செத்து விழும். சாகாத கோழியும் எடை ஏறாது. தீவனத்தில் மிச்சம் பிடித்த காசு இதில் போய்விடும்.

அதற்காகக் கோதுமையை ஒதுக்க வேண்டாம். சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மாவாக அரைக்க வேண்டாம். இந்த நாரை உடைக்க சைலனேஸ் என்ற தூள் உண்டு. அதைத் தீவனத்தில் கலப்பார்கள். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கோழியின் வயதையும் சொல்லுங்கள். 2 முதல் 6 வாரக் கோழிகளுக்குத்தான் இந்த நோய் அதிகம்.