செல்களில் இடுவதற்கு முன்

அன்புத் தங்கைக்கு,

ஆய்வில் சேர்ந்தபின் நீ கேட்டு வாங்கிய முதல் புரதம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்த, தசைப் புரதமான மனித மயோகுளோபின். நாளைக்கே சிறுநீரகச் செல்களில் இட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறாய். வேண்டாம். முதலில் கொஞ்ச நாள் அந்தப் புரதத்தோடு மட்டும் வேலை செய். குப்பியில் ஒட்டிய சீட்டு, விற்றவர் சொல்வது. உள்ளே இருப்பது என்ன, எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது எனக்குப் பெரிய கவலை. அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீ எடுத்திருக்கும் கேள்வி கனமானது. 1941-இல், லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கி மீட்கப்பட்டவர்கள் சில நாள் கழித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸும் பீலும் பதிவு செய்தார்கள். சிதைந்த தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் மயோகுளோபின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்பது பின்னர் தெளிவானது. நிலநடுக்கத்தில் சிக்கியவர்களுக்கு இன்றும் இதே ஆபத்து உண்டு. அந்தத் தாக்குதலில் பெரும்பங்கு புரதத்தின் உள்ளே இருக்கும் ஹீமுக்கும் அதன் இரும்புக்கும் உரியது. ஆகவே உன் குப்பியில் ஹீம் எவ்வளவு என்று தெரியாமல் நீ போடும் 'டோஸ்' என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஹீம் தானாக வந்துவிடும் என்று நினைக்காதே. ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவம் முதன்முதலில் தெரிந்தது மயோகுளோபினில்தான். 1958-இல் கென்ட்ரூவின் குழு அதற்கு எடுத்துக்கொண்டது திமிங்கிலத் தசை. மூச்சடக்கி ஆழத்தில் மூழ்கும் விலங்கு என்பதால் அதன் தசையில் இந்தப் புரதம் ஏராளம். மனிதத் தசையை அப்படி வெட்டி எடுக்க முடியாது. 1985-இல் ராகவன் வரதராஜனும் ஸ்டீவன் பாக்ஸரும் சக ஆய்வாளரோடு சேர்ந்து மனித மயோகுளோபினை ஈ. கோலையில் உண்டாக்கினார்கள். அதற்கு ஹீமைத் தனியாகச் சேர்த்துத்தான் முழுமையாக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டு கழித்து ஸ்பிரிங்கரும் ஸ்லைகரும் திமிங்கில மயோகுளோபினை ஹீமோடு சேர்த்தே பாக்டீரியாவுக்குள் பெற்றார்கள். இன்றும் பாக்டீரியா புரதச் சங்கிலியை வேகமாகக் கட்டி, ஹீமைத் தயாரிப்பதில் பின்தங்கினால், ஹீம் இல்லாத புரதமும் சேர்ந்தே வரும். ஜெல்லில் ஓட்டினால் இரண்டும் 17,000 டால்டன் அருகே ஒரே பட்டையாகத்தான் தெரியும். அந்த அழகான ஒற்றைப் பட்டையைப் பார்த்து ஏமாந்துவிடாதே.

பார்க்க வேண்டியது நிறத்தை. பழுப்பாக இருந்தால் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்த மெட் நிலை. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 409 நானோமீட்டர் அருகே உயர்ந்த முகடு வரும், 630 பக்கம் சிறியதாக ஒன்று. அதில் ஒரு சிறு பங்கை மட்டும் தனியே எடுத்து, அப்போதே கரைத்த டைதயோனைட்டைத் துளி விடு. பழுப்பு கண்ணெதிரே கருஞ்சிவப்பாக மாறும். முகடு 434-க்கு நகரும். உடனே அதை ஒரு சிறிய உப்புநீக்கும் குழாயில் (column) இறக்கினால், டைதயோனைட் பின்தங்கி, புரதம் காற்றின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பளிச்சென்ற சிவப்பில் சொட்டும். இப்போது முகடு 418, கூடவே 543-இலும் 581-இலும் இரண்டு தெளிவான மேடுகள். ஆக்சிஜனைப் பிடிக்கும் மயோகுளோபின் உன்னிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. அறை வெப்பத்தில் விட்டால் மெல்ல மெல்ல மறுபடி பழுப்பாகும். ஆகவே செல்களில் இடும் நேரத்தில் எந்த நிலையில் இருந்தது என்பதையும் குறித்து வை.

நீயே நிக்கல் குழாயில் (column) சுத்திகரிப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. புரதத்தைக் கழற்றப் பயன்படும் இமிடசோல், மெட் நிலையிலுள்ள இரும்போடு போய் ஒட்டிக்கொள்ளும். முகடு இடம் மாறும். புரதம் கெட்டுவிட்டது என்று பயந்து கொட்டிவிடாதே. நன்றாக டயாலிசிஸ் செய்துவிட்டு மறுபடி பார்.

அளவிடுவதிலும் கவனம். 280 நானோமீட்டரில் ஹீமும் ஒளியை உறிஞ்சும், அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. பிரிடின் முறையில் ஹீமைத் தனியாக, அமினோ அமிலப் பகுப்பாய்வு போன்ற ஒரு வழியில் புரதத்தைத் தனியாக அளந்து, இரண்டையும் வகுத்துப் பார். ஒன்றுக்கு ஒன்று வந்தால் நிம்மதி. 10 மைக்ரோகிராம் குப்பியில் இதெல்லாம் செய்ய முடியாது என்பாய். உண்மைதான். அதனால்தான் சொல்கிறேன்: செல்களில் இடும் அளவுக்கு வேண்டுமென்றால் அதன் மரபணு உள்ள பிளாஸ்மிடை வாங்கி நீயே தயாரி. செலவும் குறையும், கையும் பழகும்.

இன்னும் ஒன்று, இது உன் சோதனைக்கு உயிர்நாடி. ஈ. கோலையிலிருந்து வரும் எதிலும் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு ஒட்டிக்கொண்டு வரலாம். சிறுநீரகச் செல்கள் அதற்கும் எதிர்வினை காட்டும். அதை நீ மயோகுளோபின் செய்த வேலை என்று எழுதிவிடுவாய். எண்டோடாக்சினை அளக்கும் எல்.ஏ.எல். சோதனை செய். அதே பாக்டீரியாவில், அதே முறையில் தயாரித்த ஹீம் இல்லாத மயோகுளோபினையும் கன்ட்ரோலாக வை.

மனிதப் புரதத்தில் 110-ஆம் இடத்தில் ஒரு சிஸ்டீன் உண்டு; திமிங்கிலத்தில் இல்லை. அதன் வழியாக இரண்டு மூலக்கூறுகள் கோத்துக்கொள்ளலாம் என்பதால், பழைய கட்டுரைகளின் திமிங்கில எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

மயோகுளோபின் உனக்கு இணக்கமான புரதம் என்பதையும் தெரிந்துகொள். தசையின் இன்னொரு புரதமான ட்ரோபோமயோசினை ஈ. கோலையில் தயாரித்தால் அதன் முனையில் அசிட்டைல் தொகுதி ஏறாது. ஏறாத புரதம் ஆக்டினோடு சரியாகச் சேராது. மனிதத் தசை மயோசினின் தலைப்பகுதி பாக்டீரியாவில் மடிவதே இல்லை. அதற்கு எலித் தசைச் செல்களிடம் போக வேண்டும். அங்கெல்லாம் நிறம் உன்னைக் காப்பாற்றாது. இங்கே கிடைக்கும் பழக்கம்தான் கைகொடுக்கும்.

குப்பியின் லாட் எண், சங்கிலியின் முனையில் சேர்த்த டேக், ஹீமுக்கும் புரதத்துக்கும் உள்ள விகிதம், எண்டோடாக்சின் அளவு: இந்த நான்கையும் நோட்டில் எழுது, கட்டுரையிலும் எழுது. இவை இல்லாமல் உன் முதல் கட்டுரையை யாருக்கும் அனுப்பாதே.

அன்புடன்,
உன் அக்கா