பழைய கணப்பிலுள்ள துவாரங்களும் அவற்றை மூடும் முறையும்

சமவெளிக் கிராமங்களில் சுவரோடு சேர்த்துக் கணப்புக் கட்டும் வழக்கம் இல்லை. மலைநகரங்களில் அவ்வாறன்று. உதகமண்டலத்தில் 1820-களிலிருந்தும், கொடைக்கானலில் 1845 முதலும் மேல்நாட்டார் எழுப்பிய வீடுகளில், அவர்கள் நாட்டு முறைப்படியே செங்கல் கணப்புகளும் புகைபோக்கிகளும் அமைந்தன. அத்தகைய பழைய பங்களா ஒன்றைக் கூட்டுறவுச் சங்கம் காரியாலயமாகவோ தங்குமிடமாகவோ எடுத்துக்கொண்டால், கணப்பினுள்ளும் அதன் மேற்சுவரிலும் பயன் விளங்காத துவாரங்கள் காணப்படலாம். கொத்தரை அழைத்து அவற்றை அடைத்துவிடச் சொல்வது எளிது. ஆயின் அடைத்தால் அபாயம் விளைவிக்கும் துவாரமும் உண்டு. அடைக்காவிடில் அபாயம் விளைவிக்கும் துவாரமும் உண்டு.

அபாயமாவது கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. புகை அடங்கிக் கரி கனன்றுகொண்டிருக்கும் சமயத்திலும் அது உண்டாகும். தலைவலியும் மயக்கமும் குமட்டலும் அதன் அறிகுறிகள். உறங்குவோர் அவற்றையும் உணராமலே உயிரிழப்பதுண்டு. புகைபோக்கியில் ஒரு துவாரம் திறந்திருப்பின், நெருப்பே மூட்டாத அடுத்த அறைக்கும் இவ்வாயு சென்று சேரும்.

பரிசோதனைக்கு முன் நெருப்பை அவித்து, ஒரு முழுநாளாவது ஆறவிடுதல் வேண்டும். கணப்பின் தரையில் நீண்ட சதுரமான துவாரமும் அதன்மேல் இரும்பு மூடியும் இருந்து, உள்ளே சாம்பல் நிறப் பொடி தென்பட்டால், அது சாம்பற் குழிக்குச் செல்லும் வழி. வெளிச்சுவரின் அடியிலோ நிலவறையிலோ அக்குழிக்குரிய சிறு இரும்புக் கதவு இருக்கும். கணப்பிற்கு மேலே சுவரில் வட்டமாய் இருப்பது பெரும்பாலும் இரும்பு அடுப்பின் குழாய் நுழைந்த வழியாகும். திறந்த கணப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி மேலே போய் வீணாவது கண்டு, பின்னாளில் இரும்பு அடுப்பு வைத்தவர் பலர். அடுப்பை எடுத்தபின் துவாரத்தைத் தகரத்தால் மூடி வெள்ளையடித்துவிடுவர். விரலால் தட்டிப் பார்த்தால் ஓசை வேறுபடும். பக்கத்திலோ பின்புறத்திலோ கரி படியாத துவாரத்தில் குளிர்காற்று வீசுமாயின், அது நெருப்பிற்குக் காற்றுத் தரும் வழி. ஊதுவத்தியை அருகே பிடித்துப் புகை உள்ளே இழுக்கப்படுகிறதா, வெளியே தள்ளப்படுகிறதா என்று பார்க்கலாம். காற்றின் போக்கு மாறக்கூடியதாதலால் காலையும் மாலையும் பார்ப்பது நலம்.

காற்று வழியைக் கணப்பு உபயோகத்திலிருக்கும்வரை அடைக்கலாகாது. குளிருக்கு அஞ்சிக் கதவு ஜன்னல்களைச் சாத்திய அறையில் அதையும் அடைத்தால், புகை மேலேறாது அறைக்குள்ளேயே திரும்பும். சாம்பற் குழியின் மூடி உடைந்திருப்பின் இரும்பு மூடியே போடவேண்டும், பலகை உதவாது. குழியை முன்னதாகக் காலி செய்தல் அவசியம்.

வட்டத் துவாரத்திற்கே அதிக வேலையுண்டு. தகரமும் காகிதமும் மூடியாகா; புகைபோக்கியில் படிந்த கரி தீப்பற்றினால் தகரம் பழுத்துச் சூடேறி, அருகிலுள்ள மரத்தையும் பற்றவைக்கும். மூடியை எடுத்து, தளர்ந்த காரையைச் சுரண்டி, கல்லை நனைத்து, சுவரின் முழுக்கனத்திற்கும் செங்கல் வைத்துச் சாந்திட்டு அடைக்கவேண்டும். உட்புறம் சமமாயிருத்தல் முக்கியம். கல் துருத்தி நின்றால் அங்கே கரி தங்கும். பழைய சுண்ணாம்புக் கட்டுக்குச் சுண்ணாம்புச் சாந்தே இசையும். நெருப்பு நேரே படும் இடத்தில் மட்டும் வெப்பந் தாங்கும் செங்கல்லும் தீக்களிமண் சாந்தும் தேவை. சாதாரண சிமிட்டி அங்கே வெடித்துவிடும். சில நாள் உலரவிட்டு, முதலில் சிறு நெருப்பே மூட்டி, இணைப்புகளில் ஊதுவத்தி காட்டிப் பார்க்கவேண்டும். பழைய மூடி கல்நாராயிருக்கலாமென்று ஐயமிருப்பின், அதை உடைக்கவோ சுரண்டவோ கூடாது. அதன் தூள் சுவாசப்பையைக் கெடுக்குமாதலால், பயிற்சி பெற்றவரிடமே அவ்வேலையை விடவேண்டும்.

கணப்பே வேண்டாமென்று கைவிடும்போது மேலும் கீழும் இறுக அடைப்பது வழக்கமான தவறு. மலைமழையின் ஈரம் உள்ளே தங்கிக் கரியோடு கலந்து சுவரில் பழுப்புக் கறையாய் வெளிவரும். உச்சியில் மழை விழாத மூடியும், அடியில் சிறு கம்பிவலைத் துவாரமும் அமைத்துக் காற்றோட்டம் விடவேண்டும். அவ்வலையின்மேல் “இங்கே நெருப்பு மூட்டலாகாது” என்று எழுதிவைத்து, சங்கத்தின் சொத்துப் பதிவேட்டிலும் எந்தத் துவாரம் எந்தத் தேதியில் எவ்வாறு அடைக்கப்பட்டதென்பதைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.