கொடி ஓய்ந்தாலும் காய் உண்டு!

ஆடிப் பட்டத்தில் போட்ட வீட்டுத் தோட்டம் தை, மாசியில் ஓய்ந்துவிடும். உறுவையாறு, வில்லியனூர் பக்கம் இருப்பவர்கள் செடியைப் பிடுங்கிப் போடுமுன் இவற்றைக் கவனியுங்கள்.

● தக்காளி: நிறம் மாறத் தொடங்கிய செங்காய்களைப் பறித்து, பழுத்த வாழைப்பழம் ஒன்றுடன் காகிதப் பையில் வையுங்கள். சில நாளில் பழுத்துவிடும். பச்சைக் காய் கூட்டுக்கு ஆகும்.

● கத்தரி: நோயில்லாத செடியை ஒரு ஜாண் உயரம் விட்டு வெட்டி, தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். புதுத்துளிர் விட்டு மறுபடி காய்க்கும்.

● பீர்க்கு: முற்றிய காய் கொடியிலேயே காயட்டும். குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும். நுனியை உடைத்தால் விதை கொட்டும். மிஞ்சுவது உடம்பு தேய்க்கும் நார்.

● கொத்தவரை: உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்து, மோரில் ஊறவைத்து வற்றல் போடுங்கள். மாசிப் பனி இறங்குமுன் முறத்தை உள்ளே எடுத்துவிடுங்கள்.

● அவரை: வேரோடு பிடுங்காமல் தரையோடு அறுங்கள். வேர்முடிச்சில் உள்ள தழைச்சத்து மண்ணுக்கே போகும்.

● வெண்டை: நன்றாகக் காய்த்த நாட்டுச் செடியில் இரண்டு காயை முற்றவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்திப் பத்திரப்படுத்துங்கள். வீரிய ரக விதை அடுத்த முறை தாய்ச்செடி போல வராது.

சந்தேகம் இருந்தால் குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.