வலி நரம்பைச் சுடும் ஊசி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ரேடியோ அலை சிகிச்சை என்றதும், ஒரே ஊசியில் முதுகுவலியும் மூட்டுவலியும் அடியோடு போய்விடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நரம்பைச் சுட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து ஒதுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பயத்தை முதலில் பார்ப்போம். நுனி தவிர மற்ற இடமெல்லாம் மின்காப்பு பூசிய ஊசி ஒன்றை, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே, முதுகெலும்பின் சிறு மூட்டிலிருந்து வலியைச் சுமந்து செல்லும் மெல்லிய நரம்புக் கிளை வரை செலுத்துகிறார்கள். சுடுவதற்கு முன் நொடிக்கு 2 துடிப்பு வீதம் லேசான மின்சாரம் அனுப்பிப் பார்ப்பார்கள். கால் தசை துடித்தால் காலை இயக்கும் நரம்பு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். ஊசியை இடம் மாற்றுவார்கள். அதன்பிறகே ரேடியோ அலை மின்சாரத்தால் நுனியைச் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, ஒன்றரை நிமிடம் வைத்திருப்பார்கள். எந்த ஊசி வைத்தியத்திலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இங்கே குறிவைப்பது காலை அசைக்கும் நரம்பை அல்ல.

'அடியோடு போய்விடும்' என்ற நம்பிக்கைதான் அதிகக் கெடுதல் செய்கிறது. சுட்ட நரம்பு மெல்ல மீண்டும் வளரும். நன்றாகப் பலன் கிடைத்தவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரைதான் நிம்மதி. இதே சிகிச்சையை முழங்காலுக்குச் செய்தாலும், தேய்ந்த குருத்தெலும்பு தேய்ந்தபடியேதான் இருக்கும். வலி உண்மையிலேயே குறிவைக்கும் மூட்டிலிருந்து வருகிறதா என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த மூட்டின் வலி நரம்பை மரத்துப்போகச் செய்யும் சோதனை ஊசி இதற்காகவே. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில், விபத்துக்குப் பின் கழுத்துவலியால் அவதிப்பட்ட 24 பேரைக் கடுமையான சோதனை ஊசிகளால் தேர்ந்தெடுத்தார்கள். நரம்பு சுடப்பட்டவர்களுக்குப் பழைய வலியில் பாதியாவது திரும்பிவர ஆன இடைநிலைக் காலம் 263 நாள். சூடேற்றாமல் ஊசி மட்டும் குத்தப்பட்டவர்களுக்கு 8 நாள்.

அப்படியானால் நெதர்லாந்தில் 681 பேரிடம் நடந்து 2017இல் வெளிவந்த மூன்று சோதனைகளில், உடற்பயிற்சியோடு இதைச் சேர்த்தும் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே தேர்வு அவ்வளவு கண்டிப்பாக இல்லை என்பது இந்தச் சிகிச்சையை ஆதரிப்பவர்களின் வாதம். அதில் சாரம் உண்டென்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த வாதம் எல்லாவற்றுக்கும் விடையாகிவிடாது. நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு இது வேண்டாம் என்று 2025இல் பிஎம்ஜே மருத்துவ இதழின் வல்லுநர் குழு அழுத்தமாகவே பரிந்துரைத்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸோ, மற்ற வைத்தியம் பலிக்காமல், சோதனை ஊசியில் வலி குறைந்தவர்களுக்கு மட்டும் இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. கண்டிப்பாகத் தேர்ந்தெடுத்தால் சிலருக்கு உதவும், கண்டபடி செய்தால் காசுக்குத்தான் கேடு என்பதே என் முடிவு. ஆகவே இந்தச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன், சோதனை ஊசி போடுவார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த ஊசியில் வலி குறையவில்லையென்றால், நரம்பைச் சுடச் சம்மதிக்காதீர்கள்.